உறைந்த கருவும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும்: எது எங்கே வேலை செய்யும்?

உறைய வைத்த கருவுக்கு நீங்கள் விழுங்கும் மாத்திரை போய்ச் சேராது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மாதக்கணக்கில் காசைக் கொட்டுகிறவர்கள் நம் மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கரு கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஆய்வகத்துத் தொட்டியில் திரவ நைட்ரஜனுக்குள் கிடக்கிறது. நீங்கள் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்துகொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேப்ஸ்யூலைப் போட்டுக்கொள்கிறீர்கள். அந்தக் கேப்ஸ்யூலில் இருப்பது உங்கள் ரத்தத்தில் கலக்கும். அந்தத் தொட்டிக்கும் உங்கள் ரத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்படியானால் டாக்டர் ஏன் எழுதிக் கொடுத்தார்? நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை. சொந்த ஊர் குன்னூர், கோவையில் ஒரு கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், அதனால் ஊர்ப்பக்கம் யாருக்கு ஐவிஎஃப் (முட்டையையும் விந்துவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) என்றாலும் போன் எனக்குத்தான் வரும். "அக்கா, கரு நாலு ஃப்ரீஸ் பண்ணியிருக்காங்க, அது நல்லா வளர மாத்திரை குடுத்திருக்காங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் போதும், எந்த மாத்திரை எப்போது அர்த்தமுள்ளது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன, அது தடுக்க வரும் ஆக்ஸிஜன் தகராறு என்ன என்று பார்த்துவிடலாம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி உறுப்புகள் இருக்கின்றன. சர்க்கரை, கொழுப்பு இவற்றை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரித்து நமக்குச் சக்தி தருவது அவைதான். அப்படி எரிக்கும்போது கொஞ்சம் ஆக்ஸிஜன் பாதி வெந்த நிலையில் வெளியே தப்பிவிடும். இந்தத் தப்பிய மூலக்கூறுகள் பக்கத்தில் எது கிடைத்தாலும் அதோடு ஒட்டிக்கொண்டு கெடுக்கும்: செல்லின் தோல் மாதிரியான சவ்வு, புரதம், டிஎன்ஏ, எதையும் விடாது. கிள்ளிய தேயிலை ஃபேக்டரியில் நசுங்கிக் காற்றுப் பட்டதும் பச்சை போய்ச் செம்பு நிறத்துக்கு மாறுகிறதே, அந்த மாதிரி ஒரு மாற்றம் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓயாமல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தடுக்கும் பொருள்கள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், கோஎன்சைம் க்யூ10, மெலடோனின், லைக்கோபீன் என்று அட்டையில் அச்சடித்திருப்பதெல்லாம் இந்த வகையறா. ஆனால் கடையில் வாங்குவதற்கு முன்பே உடம்பு தனக்கென்று ஒரு காவல்படை வைத்திருக்கிறது. அதில் குளூட்டாதயோன் முக்கியமானது, கருமுட்டை முதிரும்போது அதைத் தனக்குள் சேமித்து வைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. இந்தத் தப்பிய ஆக்ஸிஜன் முழுக்க எதிரி இல்லை. விந்தணு முட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு அது கொஞ்சம் வேண்டும், முட்டை இருக்கும் நீர்ப்பை வெடித்து அது வெளியே வருவதற்கும் வேண்டும், கரு வளரும்போது செல்களுக்குள் சேதி சொல்வதற்கும் வேண்டும். ஒரேயடியாகத் துடைத்து எடுத்தால் அதுவும் கெடுதல்தான். "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற கணக்கு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

கருமுட்டைக்கும் கருவுக்கும் இதில் ஏன் தனிக் கவலை? ஒரு முதிர்ந்த முட்டைக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் மைட்டோகாண்ட்ரியா இருக்கும். விந்தணு சேர்ந்து கரு உருவான பிறகு, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் ஒட்டத் தயாராகும் கட்டத்துக் கரு) ஆகும்வரை புதிதாக மைட்டோகாண்ட்ரியா பெருகுவதில்லை. இருப்பதையே ஒவ்வொரு செல்லும் பங்கு போட்டுக்கொள்கிறது. மூன்றாம் நாள் வாக்கில்தான் கரு தன்னுடைய சொந்த ஜீன்களை முழுசாக இயக்க ஆரம்பிக்கும். அதுவரை அம்மாவின் முட்டையில் சேர்த்து வைத்த சரக்கில்தான் வண்டி ஓடுகிறது. அதனால் முட்டை வெளியே எடுக்கப்படும் நாளில் எப்படி இருந்ததோ, அதுவே கருவின் முதல் சில நாள்களைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. விந்தணுவின் நிலைமை இன்னும் மோசம். சவ்வு முழுக்க எளிதில் கெடக்கூடிய கொழுப்பு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே இடமே இல்லாத அளவுக்கு ஒல்லியான உடம்பு. பீடி, சிகரெட் இரண்டும் நேராக அங்கே போய்த்தான் அடிக்கும்.

சரி, இப்போது உறைய வைப்பதற்கு வருவோம். திரவ நைட்ரஜன் நம் ஊருக்குப் புதுசு இல்லை. ஊட்டியில் ஜெர்சி மாட்டுப் பண்ணையில் காளையின் உறைவிந்து தயாரிக்கிறார்கள், மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் தூக்கிக்கொண்டு வரும் கேனில் புகை மாதிரி கிளம்புமே, அதே நைட்ரஜன்தான். வெப்பநிலை கழித்தல் 196 டிகிரி செல்சியஸ். மனிதக் கருவை உறைய வைத்ததிலும் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு: கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறைய வைத்துப் பிறகு உருக்கிய கருவிலிருந்து 1978 அக்டோபர் 3இல் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக அறிவித்தார், இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. அன்றைய அரசு விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. அவர் 1981இல் இறந்தார். 1997இல் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, பெருமை அவருக்கே சேரவேண்டும் என்று எழுதினார். அதுவரை இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கான பெயர் ஆனந்த் குமாரின் சொந்தக் குழுவிடம்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அந்த மனசு எல்லாருக்கும் வராது.

இப்போதெல்லாம் செய்வது விட்ரிஃபிகேஷன். கருவில் இருக்கும் தண்ணீரை இழுத்துவிட்டு, அந்த இடத்தில் உறைபனிப் பாதுகாப்புத் திரவத்தை நிரப்பி, ஒரு மெல்லிய பட்டையில் வைத்து நைட்ரஜனுக்குள் சட்டென்று முக்குவார்கள். குளிர்கிற வேகம் நிமிடத்துக்கு 20,000 டிகிரியைத் தாண்டும். பனிக்கட்டியின் கூர்மையான படிகம் உருவாக நேரமே கிடைக்காமல் எல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அந்தக் குளிரில் வேதி வினை எதுவும் நடப்பதில்லை. வளர்ச்சியும் இல்லை, சிதைவும் இல்லை. 1992இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஆண்டுகள்தான் வைத்திருக்கலாம், அது வேறு விஷயம்.) ஆகவே "ஃப்ரீஸரில் இருக்கும்போது கரு பலவீனமாகிவிடுமே, அதற்குச் சத்து வேண்டாமா" என்ற பயத்தை விட்டுவிடுங்கள். அங்கே அது சாப்பிடவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை.

ஆபத்து இருப்பது உள்ளே போகும் நிமிடங்களிலும் வெளியே வரும் நிமிடங்களிலும்தான். திரவங்கள் மாறும்போது கரு சுருங்கி விரிகிறது, மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது, சேமித்த குளூட்டாதயோன் குறைகிறது, அந்தத் தப்பிய ஆக்ஸிஜன் கூடுகிறது. உருக்கிய கரு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழையபடி ஊதிப் பெரிதானால் ஆய்வகத்தில் எல்லாரும் நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். நல்ல ஆய்வகங்களில் பிளாஸ்டோசிஸ்டுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இப்படிப் பிழைத்துவிடும்.

இப்போது அந்தச் சுருண்டு கிடந்த மூன்று விஷயங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் கருவைத் தொட முடிகிற வாய்ப்பு மூன்றே இடத்தில்தான்: முட்டையும் விந்துவும் எடுப்பதற்கு முன்னால் உங்கள் இருவரின் உடம்பில், பிறகு ஆய்வகத்துத் தட்டில், கடைசியாகக் கருப்பைக்குள் வைத்த பிறகு.

முதல் இடம்தான் மாத்திரைக் கம்பெனிகள் குறி வைக்கும் இடம், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், அப்புறம் வெளியே வரும் பாதையில் இன்னும் சில நாள். முட்டை நீங்கள் பிறக்கும்போதே இருந்தாலும், அது இருக்கும் நீர்ப்பை பெரிதாகி வளரும் கடைசிக் கட்டம் மூன்று மாதத்தை ஒட்டி ஓடுகிறது. ஆக, முட்டை எடுக்கும் தேதிக்கு முந்தைய மூன்று மாதம்தான் கணக்கு. எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்த மாத்திரையால் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. எடுத்து, கருவாக்கி, உறைய வைத்த பிறகு ஆரம்பித்தது அந்தக் கருவின் கதையில் வரவே வராது. ஏற்கெனவே எடுத்த போட்டோவில் இருக்கும் முகத்துக்கு இன்றைக்குப் பவுடர் போட முடியாதே.

சரி, மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பித்தால் பலன் உண்டா? இங்கேதான் ஆய்வுகள் விளம்பரத்தோடு ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் மோக்ஸி என்ற சோதனை 2020இல் வெளியானது: விந்தணுக் குறைபாடு உள்ள சுமார் 170 ஆண்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின், துத்தநாகம், லைக்கோபீன் எல்லாம் கலந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. விந்தணுவின் எண்ணிக்கையோ ஓட்டமோ டிஎன்ஏவின் உறுதியோ மேம்படவில்லை. அதே ஆண்டில் இன்னும் பெரிய சோதனை, 2,370 ஜோடிகள், ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிட்டும் துத்தநாகமும் ஆறு மாதம். குழந்தை பிறந்த விகிதம் மாத்திரைக் குழுவில் 34 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 35 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறு கூடுதல், விந்தணுவின் டிஎன்ஏ முறிவும் கொஞ்சம் கூடியிருந்தது. பெண்கள் பக்கம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2020இல் 63 சோதனைகளை, 7,760 பெண்களைச் சேர்த்து ஆராய்ந்தது. பலன் இருக்கலாம், ஆனால் சான்றின் தரம் குறைவு, மிகக் குறைவு என்று எழுதினார்கள். "இருக்கலாம்" என்பதை "நிச்சயம்" என்று படித்துக்கொள்வது விளம்பரத்தின் வேலை.

முட்டை இருப்பு குறைவாக உள்ள 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்குச் சீனாவில் 60 நாள் தினமும் 600 மில்லிகிராம் கோஎன்சைம் க்யூ10 கொடுத்துப் பார்த்தார்கள், 2018இல் வெளியான ஆய்வு. கூடுதல் முட்டைகள் கிடைத்தன, தரமான கருக்களும் கூடின. ஆனால் கையில் குழந்தை என்ற கடைசிக் கணக்கில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. டாக்டர்கள் க்யூ10 எழுதுவதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் பின்னணி, அதில் தப்பு சொல்ல மாட்டேன். முட்டை எடுப்பதற்கு முன்னால், இருப்பு குறைந்தவர்களுக்கு, தெரிந்துதான் கொடுக்கிறார்கள். என் சண்டை எல்லாம் அதே சீட்டைக் கரு உறைந்த பிறகும் பழக்கத்தில் புதுப்பித்துக்கொண்டே போவதோடுதான்.

இரண்டாவது இடம் ஆய்வகம், எனக்குப் பிடித்த இடம். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. உடம்புக்குள் கரு இருக்கும் குழாயில் ஆக்ஸிஜன் 2 முதல் 8 சதவீதம்தான். வெளிக்காற்றில் 20க்கு மேல். ஆகவே கருவை வளர்க்கும் இன்குபேட்டரில் ஆக்ஸிஜனை 5 சதவீதத்துக்குக் குறைத்து வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், ஆயிரக்கணக்கில் மாத்திரை வாங்குவதைவிட "உங்கள் லேபில் குறைந்த ஆக்ஸிஜனில் வளர்க்கிறீர்களா" என்று ஒரு கேள்வி கேட்பது எவ்வளவோ மேல். இன்னொன்று, கருவை வளர்க்கும் திரவத்திலேயே ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்ப்பது. மெல்போர்னில் டேவிட் கார்ட்னர் குழுவினர் அசிட்டைல் கார்னிடின், அசிட்டைல் சிஸ்டீன், ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் மூன்றையும் சேர்த்து எலிக் கருக்களில் சோதித்தார்கள். கரு நன்றாக வளர்ந்தது, உறைய வைக்கும் திரவத்திலும் உருக்கும் திரவத்திலும் சேர்த்தபோது பிழைத்த கருக்களின் நிலையும் மேம்பட்டது. பிறகு ஜப்பானில், ஒரே பெண்ணின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இந்தத் திரவத்திலும் மறுபாதியைச் சாதாரணத் திரவத்திலும் வளர்த்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் கருவின் தரம் கூடியது. 35 முதல் 40 வயதுப் பெண்களில் கரு ஒட்டும் விகிதமும் கூடியது.

"அப்படியா, அந்த மூன்றையும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடட்டுமா?" என்று உடனே கேட்பீர்கள். வேண்டாம். தட்டில் கருவைச் சுற்றி மிகமிகச் சிறிய அளவில், அளந்து கலந்தது அது. நீங்கள் விழுங்கினால் குடலும் கல்லீரலும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் ரத்தத்துக்கு விடும். தட்டில் கிடைத்த பலனை வாய் வழியாக எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

மூன்றாவது இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கருவை உருக்கிக் கருப்பையில் வைத்த பிறகு உங்கள் ரத்தத்தில் இருப்பதற்கு ஓரளவு அர்த்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் கட்டாயம் வேண்டியது ஃபோலிக் ஆசிட், தினம் 400 மைக்ரோகிராம், அதுவும் வைப்பதற்கு முன்பிருந்தே. அது குழந்தையின் தண்டுவடத்துக்காக. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதற்காக அதைக் கொடுப்பதில்லை. கர்ப்பத்தில் வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் கொடுத்தால் ரத்த அழுத்தக் கோளாறு வராமல் தடுக்கலாம் என்று நம்பி இங்கிலாந்தில் சுமார் 2,400 பெண்களிடம் சோதித்தார்கள். 2006இல் முடிவு வந்தது: தடுக்கவில்லை, எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. அப்புறம், கரு வைத்துவிட்டு மலைப்பாதையில் பஸ் ஏறினால் வளைவுகளில் குலுங்கி விழுந்துவிடுமோ என்று கேட்கிறவர்களுக்கு: விழாது. படுத்தே கிடந்தாலும் வாய்ப்பு கூடுவதில்லை. வாந்தி வந்தால் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், அவ்வளவுதான்.

அளவு மீறினால் என்ன என்பதற்கு இனப்பெருக்கத்துக்கு வெளியே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள், புற்றுநோய் குறையும் என்று. 1994இல் எண்ணிப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான். அதற்காகக் கேத்தி கேரட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேரட்டாகச் சாப்பிடும்போது பிரச்சினை இல்லை. ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ தினம் 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கே ஊனம் உண்டாக்கக்கூடியது, ஆகவே இரண்டு மூன்று பிராண்டுகளைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிக் கூட்டிப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ ஹெப்பாரின் ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வைட்டமின் ஈ அதிகமாக எடுத்தால் ரத்தக் கசிவு கூடலாம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்குச் சில ஆய்வுக்கூட முறைகளில் ரத்தப் பரிசோதனை தப்பான எண்ணைக் காட்டும், கர்ப்பம் பார்க்கும் பீட்டா எச்சிஜி உட்பட. பரிசோதனைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று. சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கும் கடைகளில் க்ரீன் டீயை ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது பொய் இல்லை, தேயிலையில் கேட்டகின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு. ஒன்றிரண்டு கப் குடிப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதையே சாறு இறுக்கிக் கேப்ஸ்யூலாக விற்பதை ஐவிஎஃப் நேரத்தில் தொடாதீர்கள், கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தேயிலை எதுவானாலும், கறுப்போ பச்சையோ, இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். நம் பெண்களுக்குக் காலையில் எழுந்ததும் டீ, தோட்டத்தில் ஒரு டீ, திரும்பி வந்து ஒரு டீ; அதோடு சேர்த்து இரும்பு மாத்திரையையும் விழுங்கினால் மாத்திரையின் பலன் குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், மாத்திரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ எடுத்துக்கொண்டால் உறிஞ்சுவது கூடும். வைட்டமின் சி உருப்படியாக ஒரு வேலை செய்கிற இடம் இது.

ஏற்கெனவே உறைகரு இருந்து, அதை வைப்பதற்காக மட்டும் காத்திருக்கிறீர்கள் என்றால், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மாத்திரைக்கும் "இது முட்டைக்கா, கருப்பைக்கா, எனக்கா" என்று டாக்டரிடம் கேளுங்கள். முட்டைக்கு என்று சொன்னால், அடுத்த முறை முட்டை எடுக்கும் திட்டம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவை வேறு கணக்கு. இன்னொரு முறை முட்டை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணி, அன்றைக்கு வீட்டுக்காரரின் பீடியை நிறுத்துங்கள்.